கடிதத்தின் கடைசி வாக்கியம்

கேள்வி: அமெரிக்க வரலாற்றைத் தெரிந்துகொள்ள அதிபர்களின் வாழ்க்கை வரலாறுகளாகத் தேடிப் படிக்கிறேன். மூல ஆவணங்களைப் படிக்காதவரை அதெல்லாம் வெறும் கதை என்று நண்பர் மட்டம் தட்டுகிறார். ஆவணங்களைப் படித்துவிட்டுத்தானே நூலாசிரியர் எழுதியிருப்பார்? நான் வேறு எதற்கு?
– ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: படித்துவிட்டுத்தான் எழுதினார் என்று யார் சொன்னது? செர்ரி மரத்தை வெட்டிவிட்டு அப்பாவிடம் உண்மையை ஒப்புக்கொண்ட சிறுவன் வாஷிங்டனை நமக்குத் தந்தவர் வீம்ஸ் என்கிற பாதிரியார். வாஷிங்டன் இறந்தது 1799 டிசம்பரில். அடுத்த வருடமே வீம்ஸின் புத்தகம் வந்துவிட்டது. அதில் செர்ரி மரம் கிடையாது. 1806 பதிப்பில்தான் முளைத்தது.

நண்பரும் ரொம்ப மார்தட்ட வேண்டாம். தெற்கு மாநிலங்கள் பிரிந்துபோய் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த நேரம், 1862 ஆகஸ்ட் 22இல் நியூயார்க் டிரிப்யூன் பத்திரிகை ஆசிரியர் ஹொரேஸ் கிரீலிக்கு லிங்கன் எழுதிய கடிதம் இருக்கிறது. ஓர் அடிமையைக்கூட விடுவிக்காமல் மாநிலங்களின் ஒன்றியத்தைக் காப்பாற்ற முடியுமென்றால் அப்படியே செய்வேன் என்கிறார். அசல் ஆவணம், சந்தேகமே இல்லை. இதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, லிங்கனுக்கு அடிமைகள்மேல் அக்கறையே இல்லை என்று தீர்ப்பெழுதுகிறவர்கள் ஏராளம். சரி, மனிதர் அப்போது என்ன செய்துகொண்டிருந்தார்? ஒரு மாதம் முன்பு, ஜூலை 22 அன்றே, அடிமைகளின் விடுதலைப் பிரகடனத்தின் வரைவை அமைச்சர்களிடம் வாசித்துக் காட்டியிருந்தார். போர்க்களத்தில் ஒரு வெற்றி வரட்டும், இப்போது வெளியிட்டால் தோற்கிறவன் கூப்பாடு போலத் தெரியும் என்று வெளியுறவு அமைச்சர் சீவார்ட் சொன்னதால் அது காத்திருந்தது. செப்டம்பரில், ஆன்டீட்டம் சண்டைக்குப் பிறகு வெளியே வந்தது. கடிதத்தில் இதைத் தேடினால் கிடைக்காது. ஒழுங்கான வாழ்க்கை வரலாற்றில்தான் கிடைக்கும். அப்புறம், அந்தக் கடிதத்தின் கடைசி வாக்கியம்: இது பதவிக் கடமை பற்றிய என் கருத்து, எல்லா மனிதரும் எங்கும் சுதந்திரமாக இருக்க வேண்டும் என்ற என் சொந்த விருப்பத்தில் மாற்றமில்லை என்கிறது. மேற்கோள் காட்டுகிறவர்கள் அதுவரை வருவதே இல்லை.

தெற்கு மாநிலங்கள் விஷயத்தில் நான் நண்பர் பக்கம். தெற்கின் தளபதி லீயின் வாழ்க்கையை யார் எவ்வளவு உருக்கமாக எழுதினாலும் சரி, பிரிந்துபோனதற்குக் காரணம் சொல்லி மிசிசிப்பி 1861இல் வெளியிட்ட அறிக்கையைப் படித்துவிடுங்கள். எங்கள் நிலை அடிமை முறையோடு முற்றிலும் பிணைந்தது என்று ஆரம்பத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பிரிந்தது மாநில உரிமைக்காகத்தான் என்ற பிற்காலச் சமாதானம் அதன் முன் நிற்காது.

உங்களோடு எனக்குச் சண்டை வேறு. அதென்ன, அதிபர்கள் மட்டும்? அடிமையாகப் பிறந்த பிரெடரிக் டக்ளஸ் தன் கதையை மூன்று நூல்களில் எழுதினார். 1845இல் வந்த முதல் நூலில் எசமானின் பெயரையே போட்டார். பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று பிரிட்டனுக்குக் கப்பலேற வேண்டியதாயிற்று. அவ்வளவு துணிந்தவர், எப்படித் தப்பினார் என்பதை மட்டும் அதில் சொல்லவில்லை. சொன்னால் பின்னால் வருகிறவர்களுக்கு வழி அடைபடும். மாலுமி உடையில், இரவல் வாங்கிய மாலுமிச் சான்றோடு பால்டிமோரில் ரயிலேறிய கதை 1881 நூலில்தான் வருகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இது வாழ்க்கை வரலாறா ஆவணமா என்று நண்பரையே சொல்லச் சொல்லுங்கள்.