மேக் முகவரியை மாற்றியும் ஒரே ஐபி வருகிறதே!

கேள்வி: உபுண்டு சர்வர் விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் ஓடும் மென்பொருள் கணினி) ஒன்றைத் தயார் செய்து குளோன் (அப்படியே ஒரு நகல்) எடுத்தேன். பிரிட்ஜ் முறையில் (ஒவ்வொரு மெஷினும் நெட்வொர்க்கில் நேரடியாகச் சேரும்படி) இரண்டையும் ஒன்றாக ஓட்டினால் இரண்டுக்கும் ஒரே ஐபி வருகிறது, எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கட்டளை கொடுக்கும்) இணைப்பு அடிக்கடி அறுந்துபோகிறது. குளோனுக்குப் புது மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) கொடுத்தும் பலனில்லை. ரவுட்டரில் கோளாறா?

பதில்: ரவுட்டர் மேல் தப்பே இல்லை. இப்போதைய உபுண்டு சர்வரில் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வது சிஸ்டம்டி-நெட்வொர்க்டி. அது ஐபி கேட்கும்போது மேக் முகவரியை அடையாளமாகச் சொல்வதில்லை, மெஷின்-ஐடியிலிருந்து (அந்த சிஸ்டத்துக்கென உள்ள தனி அடையாள எண்) உருவாக்கிய ஓர் எண்ணைத்தான் சொல்கிறது. குளோன் எடுத்தபோது அந்த ஐடியும் அப்படியே நகலாகிவிட்டதால், வந்து கேட்பது ஒரே ஆள்தான் என்று நினைத்து ஐபி ஒதுக்கும் டிஹெச்சிபி சர்வர் பழைய ஐபியையே கொடுக்கிறது.

சரி, என்ன செய்வது? குளோனில் மட்டும், ஈடிசி (/etc) அடைவிலுள்ள மெஷின்-ஐடி கோப்பைக் காலி செய்யுங்கள். கோப்பையே நீக்கிவிடாதீர்கள், சூடோவுடன் (நிர்வாகி உரிமையோடு) ட்ரங்கேட் கட்டளையில் அளவு 0 என்று கொடுத்தால் போதும். ரீபூட் செய்ததும் புது ஐடி தானாக உருவாகும். அடிக்கடி குளோன் எடுப்பவர் என்றால் மூல மெஷினிலேயே இதைச் செய்து, மறுபடி பூட் செய்யாமல் ஷட்டவுன் செய்து, அதிலிருந்து எடுங்கள். ஐடியைத் தொட முடியாத நிலைமை என்றால் நெட்வொர்க் அமைப்புகள் உள்ள நெட்பிளான் கோப்பில் டிஹெச்சிபி-ஐடென்டிஃபையர் என்பதற்கு மேக் என்று எழுதிவிடலாம், ஆனால் எனக்கு முதல் வழிதான் பிடிக்கும், ஏனென்றால் அந்த ஐடியை நம்பி வேறு மென்பொருள்களும் இயங்குகின்றன.

விர்ச்சுவல்பாக்ஸில் நேட் முறையில் (ஒவ்வொரு மெஷினும் தனித்தனி உள் நெட்வொர்க்கில் இருக்கும்படி) ஓட்டுபவர்களுக்கு ஒன்று: எல்லா மெஷினுக்கும் 10.0.2.15 என்று வந்தால் பயப்பட வேண்டாம், அது இயல்புதான்.

அப்புறம் எஸ்எஸ்ஹெச் ஹோஸ்ட் சாவிகளும் (சர்வர் தன்னை அடையாளம் காட்டும் சாவிகள்) நகலாகியிருக்கும். இதைப் பலர் கவனிப்பதே இல்லை, ஒரு மெஷினின் சாவி வெளியே போனால் மற்றதாக யாரும் நடிக்கலாம். பழைய சாவிகளை அழித்துவிட்டு எஸ்எஸ்ஹெச்-கீஜென் கட்டளையை பெரிய ஏ (-A) தெரிவோடு ஓட்டுங்கள். ஹோஸ்ட்நேமையும் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: பழைய சென்ட்ஓஎஸ் 6 (இன்னொரு லினக்ஸ்) மெஷினைக் குளோன் செய்தால் ஈத்0 (முதல் நெட்வொர்க் கார்டின் பெயர்) காணாமல் போய் ஈத்1 வருகிறதே?

பதில்: சாதனங்களுக்குப் பெயர் வைக்கும் யூடெவ் விதிகளில் 70-பெர்சிஸ்டன்ட்-நெட் என்ற கோப்பு, பழைய மேக் முகவரிக்கு ஈத்0 பெயரை ஒதுக்கி வைத்திருக்கிறது. அதை அழித்துவிட்டு, அந்தக் கார்டின் அமைப்புகள் உள்ள ஐஎஃப்சிஎஃப்ஜி-ஈத்0 கோப்பில் ஹெச்டபிள்யூஅட்ர் (HWADDR) வரியையும் யூயூஐடி வரியையும் நீக்கி ரீபூட் செய்யுங்கள். ஆனால் சென்ட்ஓஎஸ் 6-க்கான ஆதரவு 2020 நவம்பரிலேயே முடிந்துவிட்டது, அதை இணையத்தோடு இணைத்து வைக்காதீர்கள்.