இடைவழியில் பிறந்தவள்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பதினைந்து வயதுப் பெண்ணை நாயகியாகக் கொண்டு, வேறொரு விண்மீனை நோக்கிச் செல்லும் விண்கலத்துக்குள்ளேயே நிகழும் இளையோர் நாவல் ஒன்றை எழுதிவருகிறேன். மூன்று அத்தியாயங்களை இத்துடன் அனுப்புகிறேன். விண்கல் மழை, எதிரிக் கலம் எல்லாம் வந்தும், படித்துப் பார்த்த தோழி "இது ரயில் பெட்டியில் நடந்தாலும் இதே கதைதானே?" என்கிறாள். எங்கே பிழை? இந்த வயதினருக்கான கதையில் அறிவியல் எவ்வளவு இருக்கலாம்?

க.

அன்புள்ள க.,

உங்கள் தோழி சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார். மூன்று அத்தியாயங்களிலும் ஆபத்து வெளியிலிருந்தே வருகிறது. கலத்தின் காற்றும் நீரும் சோறும் எங்கிருந்து வருகின்றன என்பதை உங்கள் நாயகி ஒருமுறைகூட நினைத்துப் பார்க்கவில்லை.

சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்சிமா சென்டாரி 4.2 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. ஒளியின் வேகத்தில் நூறில் ஒரு பங்கை எட்டினாலும் பயணத்துக்கு 420 ஆண்டுகள் ஆகும். புறப்பட்டவர்கள் போய்ச் சேரப்போவதில்லை. இடைவழியிலேயே பிறந்து இடைவழியிலேயே மறையும் தலைமுறைகள் பல. உங்கள் நாயகி அவர்களில் ஒருத்தி. இந்தப் பயணத்துக்குச் சம்மதமா என்று அவளை யாரும் கேட்கவில்லை. பெரியவர்கள் எனக்காக எடுத்த முடிவுக்கு நான் ஏன் கட்டுப்பட வேண்டும் என்பது எல்லா ஊர்ப் பிள்ளைகளுக்கும் அந்த வயதில் எழும் கேள்விதான். ஆனால் பூமியில் கோபித்துக்கொண்டு கிளம்பும் பிள்ளைக்குத் தெருவாவது இருக்கிறது, இவளுக்கு அதுவும் இல்லை.

அதற்காகப் பெரியவர்களைக் கொடியவர்களாக்கிவிடாதீர்கள். 1991 செப்டம்பரில் அமெரிக்காவின் அரிசோனாவில், 'பயோஸ்ஃபியர் 2' என்னும் மூடிய கண்ணாடிக் கட்டடத்துக்குள் எட்டுப் பேர் இரண்டாண்டுகள் வாழப் புகுந்தார்கள். உள்ளே வயலும் சிறு காடும் இருந்தும், 21 விழுக்காடாக இருந்த ஆக்சிஜன் பதினாறு மாதங்களில் 15 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. வளமான மண்ணிலிருந்த நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை உட்கொண்டு கரியமில வாயுவை வெளியிட்டன. செடிகள் அதை எடுத்து ஆக்சிஜனாகத் திருப்பித் தருவதற்குள் கான்கிரீட் சுவர்கள் அதில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொண்டன. உள்ளிருந்தவர்கள் பசியிலும் களைப்பிலும் வாடி, நால்வர் நால்வராகப் பிரிந்தும் போனார்கள். கடைசியில் வெளியிலிருந்து ஆக்சிஜன் செலுத்த வேண்டியதாயிற்று. உங்கள் கலத்துக்கு 'வெளி' என்று ஒன்று இல்லை. அங்கே எத்தனை பிள்ளைகள் பிறக்கலாம், யார் எவ்வளவு உண்ணலாம் என்ற சட்டங்கள் இந்தக் கணக்கிலிருந்துதான் பிறக்கும். நாயகி மீறப்போகும் சட்டம் அவற்றில் ஒன்றாக இருக்கட்டும். மீறுவதில் அவள் பக்கமும் நியாயம் இருக்க வேண்டும், தடுப்பவர் பக்கமும் இருக்க வேண்டும்.

அறிவியல் எவ்வளவு என்று கேட்டீர்கள். அவள் கைக்கு எட்டும் அளவு. 224 மீட்டர் ஆரமுள்ள கலம் நிமிடத்துக்கு இருமுறை சுழன்றால், அதன் உட்சுவரில் நிற்பவர் பூமியில் உள்ள அதே எடையை உணர்வார். ஆனால் அங்கே நெஞ்சு உயரத்திலிருந்து நழுவும் பந்து நேர்கீழே விழாது. சுழலும் திசைக்கு எதிராக ஏறக்குறைய அரைச் சாண் தள்ளி விழும். அங்கேயே பிறந்தவளின் கை யோசிக்காமலே அந்த அரைச் சாண் நகர்ந்து பந்தைப் பிடித்துவிடும். பூமியின் பழைய படமொன்றில் பந்து நேராக விழுவதுதான் அவளுக்கு விந்தையாகத் தெரியும். இதைச் சொல்லச் சூத்திரம் எதுவும் வேண்டாம், அவள் கையைக் காட்டினால் போதும்.

உங்கள் இரண்டாம் அத்தியாயத்தில், தாத்தா படியேறும்போது மூச்சு வாங்கிப் பாதியில் உட்கார்ந்துவிடுவதாக ஒரு வரி வருகிறது. முதுமையைக் காட்டத்தான் அதை எழுதியிருப்பீர்கள். நாவலை அந்த வரியிலிருந்து தொடங்குங்கள். அடுத்த நாள் அதே படியில், பதினைந்து வயதான அவளுக்கும் மூச்சு வாங்கட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்