வாசகர் கேள்வி: குட்டிகளோடு மினி கோல்ஃப்

கேள்வி: கோடையில் அமெரிக்காவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். மிர்ட்டில் பீச்சில் நான்கு நாள் தங்கி மினி கோல்ஃப் ஆடுவதாகத் திட்டம். பேரனுக்கு 7 வயது, பேத்திக்கு 4. நாங்கள் இந்த ஆட்டத்தைப் பார்த்ததுகூட இல்லை. என்ன கவனிக்க வேண்டும்?
வாசகி, திருச்சி

பதில்: சரியான ஊருக்குத்தான் போகிறீர்கள். தென் கரோலினாவின் அந்தக் கடற்கரை ஊரில் டைனோசர், கடற்கொள்ளையர் கப்பல், எரிமலை என்று ஒன்றையொன்று மிஞ்சும் திடல்கள் இருக்கின்றன. ஆட்டம் எளிது: விரிப்பு போட்ட குட்டிப் பாதையில் தடைகளைத் தாண்டிப் பந்தை மட்டையால் உருட்டி, கடைசியில் உள்ள குழியில் விழவைக்க வேண்டும். ஒவ்வொரு பாதையையும் ‘குழி’ என்றே சொல்வார்கள். குறைந்த அடியில் முடிப்பவருக்கு வெற்றி.

முதல் வேலை கவுன்ட்டரில் தரும் மட்டையை அளந்து வாங்குவது. (ஆடுபவர்கள் ‘பட்டர்’ என்பார்கள். ரொட்டியில் தடவுவதோடு குழம்பும் என்பதால் இங்கே மட்டை.) தரையில் நிறுத்திப் பார்த்தால் அதன் மேல்முனை குழந்தையின் இடுப்புக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். பேத்திக்கு ஏறத்தாழ 20 அங்குலம், பேரனுக்கு 25. நீளம் கூடினால் முனை வயிற்றில் குத்தும். குழந்தை உடம்பை ஒதுக்கிக்கொண்டு அடிக்கும், பந்து கோணலாக ஓடும். ‘எனக்கு வரலை’ என்ற அழுகைக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

வலக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு இடக்கை மேலே, வலக்கை கீழே. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த பேரன் மட்டையைத் தோளுக்கு மேல் ஓங்குவான். இந்த ஆட்டத்தில் உண்மையான ஆபத்து அது ஒன்றுதான்: பின்னால் நிற்கும் தங்கையின் முகம். மட்டையின் தலை முழங்காலைத் தாண்டக் கூடாது என்று முதல் குழியிலேயே சொல்லிவிடுங்கள். ஊஞ்சல் போல மெல்லப் போய் வந்தால் போதும். மற்றவர்கள் அடிப்பவருக்குப் பின்னால் நிற்காமல், அவர் கண்ணில் படும்படி எதிரே இரண்டு மட்டை தூரத்தில் நிற்கட்டும்.

நான்கு பேர் 18 குழிகளை முடிக்க ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். நான்கு வயதுக்குப் பத்தாவது குழியிலேயே அலுத்துவிடும். ஆகவே ஒரே இடத்தில் இரண்டு திடல்கள் இருந்து, இரண்டுக்கும் சேர்த்து 36 குழிச் சீட்டு மலிவு என்று சொன்னாலும் வேண்டாம். ஜூலைப் புழுக்கம் சென்னைக்குக் குறைந்ததல்ல. காலையில் திறந்ததும் போங்கள், இல்லையென்றால் விளக்கு போட்ட பிறகு. எரிமலைத் திடல் என்றால் அந்தப் பொம்மை எரிமலை எப்போது குமுறும் என்று சீட்டு வாங்கும்போதே கேட்டுப் பேத்தியிடம் சொல்லிவையுங்கள்.

கேள்வி: பிள்ளைகள் ஒரே குழியில் அடித்துக்கொண்டே இருக்கிறார்கள், பின்னால் வரிசை நிற்கிறது. விதி என்ன?
வாசகர், ஸ்கார்பரோ

பதில்: பெரும்பாலான திடல்களில் ஒரு குழிக்கு ஆறு முறை அடிப்பதுதான் எல்லை. விழாவிட்டாலும் ஆறு என்று எழுதிவிட்டுப் பந்தை எடுத்துக்கொண்டு நகரலாம். சின்னவர்களைப் பாதி தூரத்திலிருந்து அடிக்க விடுங்கள். பின்னால் வருபவர்கள் இருவர் மட்டும் என்றால் அவர்களை முன்னே அனுப்பிவிடுவதே மரியாதை. பந்து தண்ணீரில் விழுந்தால் ஓர் அடி கூட்டி, விழுந்த இடத்துக்கு அருகே வைத்து ஆடலாம். கரையில் வலைக்கோல் இருக்கும். குழந்தையைக் குனிய விடாதீர்கள், அந்தக் கல் வழுக்கும். விளிம்புச் சுவரை ஒட்டிப் பந்து நின்றால் மட்டைத் தலை அளவு உள்ளே நகர்த்திக்கொள்ளலாம், அதற்கு அபராதம் இல்லை.

நான்கு வயதுக்குக் கணக்கே எழுத வேண்டாம் என்பது எங்கள் கட்சி. ஏழு வயது விடமாட்டான், எழுதியாக வேண்டும்.

கேள்வி: காற்றாலைக் குழியில் பந்து எப்போதும் இறக்கையில் பட்டுத் திரும்புகிறதே?
வாசகர், சிங்கப்பூர்

பதில்: காற்றாலைக் குழியில் பொம்மைக் காற்றாலையின் இறக்கைகள் சுழன்று பந்தின் வழியை மறைத்து மறைத்துத் திறக்கும். நீங்கள் வழி திறந்திருப்பதைப் பார்த்து அடிக்கிறீர்கள். பந்து போய்ச் சேர ஒன்றிரண்டு நொடி ஆகும், அதற்குள் அடுத்த இறக்கை வந்துவிடும். இறக்கை வழியை மறைக்கும்போது அடித்துப் பாருங்கள். அதுவும் சரிவராவிட்டால் ஒரு சுற்று நொடி எண்ணுங்கள். மெதுவாக உருட்டினால் எண்ணிக்கை பிசகும். இங்கே கொஞ்சம் அழுத்தம் வேண்டும்.

வளைந்த பாதையில் கேரம் அறிவு கைகொடுக்கும், ஆனால் முழுதாக அல்ல. மரச்சட்டம் பந்தின் வேகத்தைக் குடித்துவிடுவதால், அது எதிர்பார்த்த கோணத்தில் வராமல் சட்டத்தை ஒட்டினாற்போல ஓடும். மழை பெய்து விரிப்பு நனைந்திருந்தால் பந்து இன்னும் சோம்பும். மேடேறும் குழியில் ஏறாத பந்து காலடிக்கே திரும்பும். குழந்தைகள் ஓடுகிற பந்தையே மறுபடி அடிப்பார்கள். நின்ற பிறகுதான் அடி.

பந்தைப் பற்றி இன்னொன்று. அண்ணன் தங்கைக்குத் தொடக்கத்திலேயே வேறு வேறு நிறம் வாங்குங்கள். பல திடல்களில் 18ஆவது குழியில் விழுந்த பந்து குழாய் வழியே நேராகக் கவுன்ட்டருக்குப் போய்விடும், திரும்பி வராது. அதை முன்பே சொல்லிவிடுங்கள். பந்தோடு படம் எடுப்பதானால் 17ஆவதிலேயே எடுத்துவிடுங்கள்.