பள்ளிக் கட்டணத்துக்கு வருடா வருடம் லோன்

கேள்வி: மகனின் பள்ளிக் கட்டணத்துக்கு வருடா வருடம் 14% வட்டியில் 2 வருட பர்சனல் லோன் எடுக்கிறோம். கட்டணம், மாதத்துக்குப் பார்த்தால் எங்கள் வருமானத்தில் 20% வரும். கோடிங், அபாகஸ் வகுப்புகளுக்கு இன்னொரு 9%. நாத்தனார் மகனும் அதே பள்ளிதான். சின்னவளையும் அங்கேயே சேர்க்கச் சொல்கிறார். கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. அதைக் குழந்தைகள் கல்வித் திட்டம் ஒன்றில் 15 வருடத்துக்குப் போடச் சொல்கிறார் ஏஜென்ட். போடலாமா?

பதில்: வேண்டாம். அடுத்த மாதம் கட்ட வேண்டிய பணத்தை 15 வருடம் பூட்டி வைத்துவிட்டு, கட்டணத்துக்கு லோன் தேடுவீர்களா? ஏஜென்ட்டுக்குக் கமிஷன் வரும், சரி. உங்களுக்கு?

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பள்ளியின் ஆசிரியர்களைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. நாத்தனாரைப் பற்றி இரண்டு வரி இருக்கிறது. படிப்புக்கு எவ்வளவு செலவழிப்பது என்பதை வருமானம், பிள்ளைகளின் எண்ணிக்கை, பெற்றோரின் சொந்தப் படிப்பு எல்லாம் சேர்ந்துதான் தீர்மானிக்கும் என்பார்கள். பிள்ளைகள் குறைந்தால் ஒரு பிள்ளைக்கான செலவு ஏறும் என்று பொருளாதார அறிஞர் கேரி பெக்கர் 1960லேயே எழுதினார். உங்கள் வீட்டில் அதைத் தீர்மானிப்பது நாத்தனார். அது உறைக்காமல் பார்த்துக்கொள்வது லோன்.

மாத வருமானம் 100 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக் கட்டணம் 240. அதற்குத் தவணை மாதம் சுமார் 11.5. சின்னத் தொகையாகத்தான் தெரியும். ஆனால் முதல் லோன் பாதியில் இருக்கும்போதே அடுத்தது வந்துவிடுகிறது. இரண்டுக்கும் சேர்த்து 23. மாதம் 20 எடுத்து வைத்தால் முடிகிற காரியத்துக்கு 23 கட்டுகிறீர்கள். கட்டணம் வருடம் 10% ஏறினால் 7 வருடத்தில் ஏறக்குறைய இரட்டிப்பு. சம்பளம் 6% ஏறினால் ஒன்றரை மடங்குதான்.

இந்த வருடம் புது லோன் வேண்டாம். கட்டணத்தை மூன்று தவணையாக வாங்கிக்கொள்ளப் பள்ளியில் கேளுங்கள். முதல் 80ஐக் கையில் இருக்கும் பணத்திலிருந்து கட்டுங்கள். அப்புறம் மாதம் 20 ஒதுக்கினால் நான்கு மாதத்தில் அடுத்த 80 சேர்ந்துவிடும். மிச்சமிருக்கும் பழைய லோனின் 11.5உம் சேர்த்து மாதம் 31.5 ஆகும், இப்போது கட்டுவதைவிட 8.5 அதிகம். ஒரு வருடம் மட்டும் கோடிங்கையும் அபாகஸையும் நிறுத்துங்கள், 9 கிடைக்கும். பையன் சாயங்காலம் விளையாடட்டும். தவணைக்குப் பள்ளி சம்மதிக்காவிட்டால் மீதி 160க்கு மட்டும் 12 மாத லோன் எடுங்கள், கடைசி முறையாக.

சின்னவளையும் அங்கே சேர்த்தால் 20 என்பது 40 ஆகும். பழைய லோன் தீரும்வரை அந்தப் பேச்சே வேண்டாம். நாத்தனார் கேட்டால், "இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம் அண்ணி" என்று சொல்லுங்கள். பொய்யும் இல்லை.