இத்தாலியா, ஜப்பானா? பழைய கூபே வாங்குவோர் கேள்விகள்

இரண்டு கதவு கூபேக்களில், இத்தாலியின் ஆல்ஃபா ரோமியோ 1750 ஜிடிவி, ஜப்பானின் டாட்சன் 240இசட் இரண்டும் என் பட்ஜெட்டில் வருகின்றன. எதை எடுக்கலாம்?

எதில் துரு குறைவோ அதை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எஞ்சின் வேலைக்கு என்ன ஆகும் என்று முன்னாலேயே கணக்குப் போட்டுவிடலாம். டிங்கரிங் செலவுக்கு அடியும் கிடையாது, முடியும் கிடையாது. ஆல்ஃபாவில் கதவுக்குக் கீழே ஓடும் பகுதியையும், டிக்கியில் ஸ்டெப்னி உட்காரும் குழியையும் தட்டிப் பாருங்கள். 240இசட்டில் முதல் சந்தேகம் பேட்டரிக்கு அடியில். பேட்டரியைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். விற்பவர் தயங்கினாலே பாதி பதில் கிடைத்துவிடும்.

அப்புறம்தான் எஞ்சின். டாட்சனின் 2393 சிசி ஆறு சிலிண்டர் இரும்பு பிளாக் எஞ்சின் லேசில் மடங்காது. ஆல்ஃபாவினுடையது அலுமினியம், இரட்டைக் கேம்ஷாஃப்ட், 1779 சிசி (பெயரில் மட்டும்தான் 1750). எஞ்சினின் மேல்பகுதிக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட் கசிவது அதன் பழைய நோய்; தண்ணீர் ஆயிலில் கலந்துவிடும். ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே மோர் மாதிரி வெளுத்திருக்கக் கூடாது. வண்டி சூடாகும்வரை இரண்டாவது கியர் கரகரத்தால், கியரை உரசாமல் விழ வைக்கும் சின்க்ரோ வளையம் தேய்ந்திருக்கிறது; விலையைக் குறைத்துக் கேளுங்கள். உதிரி பாகம் இரண்டுக்குமே தாராளம். உடம்பு இரண்டிலும் ஒரே தரம் என்றால், என் ஓட்டு ஆல்ஃபாவுக்கு.

ஜிடிஏ என்று சொல்லி ஒரு ஆல்ஃபா வந்திருக்கிறது. காந்தம் ஒட்டவில்லை. அசல்தானே?

அவசரப்படாதீர்கள். பந்தயத்துக்காக எடை குறைத்து 1965-இல் வந்த ஜிடிஏவின் வெளித்தகடுகள் அலுமினியம், உண்மைதான். ஆனால் கனமாகப் பட்டி பார்த்த இரும்பிலும் காந்தம் ஒட்டாது. ஆல்ஃபாவின் சாதாரண வகையான ஸ்பிரிண்ட் ஜிடியில் அலுமினியத் தகடு மாட்டியவர்களும் உண்டு. ஜிடிஏவில் போலச் சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக் இருப்பதையும் சாட்சியாக எடுக்காதீர்கள்; எஞ்சினை மாற்றி வைக்க முடியும். சேசிஸ் எண்ணை, இந்த வகையை மட்டுமே பார்க்கும் நிபுணரிடம் காட்டுங்கள். விலை மலிவாகச் சொல்கிறார்கள் என்றால் அந்தச் சிரமமும் வேண்டாம்.

டொயோட்டா 2000ஜிடி மொத்தம் செய்ததே 351 வண்டிகள்தான். லம்போர்கினி மியூரா 700-க்கும் மேல். பிறகு ஏன் மியூராவுக்கு விலை அதிகம்?

எண்ணிக்கை மட்டும் விலை போடாது. யமஹாவோடு சேர்ந்து செய்த 2000ஜிடி, 2013-இல் அமெரிக்க ஏலத்தில் 10 லட்சம் டாலரைத் தாண்டியபோதுதான் பலர் திரும்பிப் பார்த்தார்கள். மியூராவில் இருக்கைக்குப் பின்னால் குறுக்கே வைத்த வி12 (பன்னிரண்டு சிலிண்டர்) எஞ்சினுக்கு ஆசைப்படும் கூட்டம் அதைவிடப் பழையது, பெரியது.

இசுஸு 117 கூபே வாங்கினால் இத்தாலியப் பக்கமா, ஜப்பான் பக்கமா?

இரண்டும்தான். செய்தது ஜப்பானின் இசுஸு; வரைந்தது இத்தாலிய வடிவமைப்பாளர் ஜுஜாரோ, இத்தாலியின் கியா (Ghia) வடிவமைப்பு நிறுவனத்தில் இருந்தபோது. 1968-இல் விற்பனைக்கு வந்தது. முதல் சில ஆண்டுகள் கைவேலை அதிகம், மதிப்பும் அவற்றுக்கே. 1977-க்குப் பிறகு வந்த சதுர விளக்கு வண்டிகள் மலிவு. ஒரு எச்சரிக்கை: குரோம் பட்டை, விளக்குக் கண்ணாடி எதுவும் குறையாத வண்டியாகப் பாருங்கள். ஜப்பானுக்கு வெளியே அவற்றைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு.