எச்.265 ஸ்டிக்கர் இருந்தால் படம் வந்துவிடுமா?

கேள்வி: "டிஜிட்டல் ஒளிபரப்பு வரப்போகுது, பழைய ரீவி இனிச் சரிவராது. ரீவியோட மாட்டுற, எச்.265 உள்ள இந்தப் பெட்டியை இப்பவே எடுத்து வையுங்க, பிறகு விலை ஏறிடும்" என்கிறார் ரவுனில் ஒரு கடைக்காரர். எங்கள் வீட்டில் அன்ரனாவில் ஓடும் பழைய ரீவிதான். வாங்கலாமா?
- வாசகி, கல்லடி

பதில்: வேண்டாம் சகோதரி. இப்போதைக்கு வேண்டவே வேண்டாம்.

எச்.265 என்பது படத்தைச் சுருக்கும் ஒரு முறை. வாவிக்கரையில் கமெராவை வைத்துக் கல்லடிப் பாலத்தைப் படம் பிடிப்பதாக நினையுங்கள். பாலம் அசையாது, தண்ணீரும், மேலே போகும் ஓட்டோவும்தான் அசையும். பாலத்தை நொடிக்கு 25 தடவை திரும்பத் திரும்ப அனுப்பாமல், மாறியதை மட்டும் அனுப்பினால் இடம் மிச்சம். எம்பெக்-2 என்ற பழைய சுருக்க முறையில் ஒரு எச்டி சனலுக்கு நொடிக்குச் சுமார் 15 மெகாபிட் போகுமென்றால், 2003இல் வந்த எச்.264க்கு அதில் பாதி போதும். 2013இல் வந்த எச்.265க்கு அதிலும் ஏறக்குறையப் பாதி. மிஞ்சிய இடத்தில் நிலையத்தார் இன்னும் சனல் போடுவார்கள். லாபம் அவர்களுக்கு, பெட்டிச் செலவு உங்களுக்கு.

ஆனால் சுருக்கியதை விரிப்பது இரண்டாவது வேலை. முதலில் காற்றில் வரும் அலையைப் பிடிக்க வேண்டும். ஏமாற்று நடப்பது அங்கேதான். பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். டிவிபி-ரீ2 என்றிருந்தால் அது ஐரோப்பிய முறை. இலங்கை 2014இல் தெரிவு செய்தது ஜப்பானின் ஐஎஸ்டிபி-ரீ. ஒன்றின் அலையை மற்றது பிடிக்காது. பிறகு அந்த எச்.265 பென்டிரைவில் படம் பார்க்கத்தான் உதவும்.

"அப்ப ஜப்பானில் பாவித்த ரீவி சரிதானே?" என்று அடுத்த கேள்வி வரும். இதை விரிவாகவே சொல்கிறேன். அதற்குள் ஐஎஸ்டிபி-ரீ இருப்பது உண்மை. ஆனால் அங்கே ஒரு சனலுக்கு 6 மெகாஹேர்ட்ஸ். இங்கே யூஎச்எப் என்ற ரீவி அலைவரிசைப் பகுதியில் 8. அங்கே சுருக்கம் எம்பெக்-2. அதே ஜப்பான் முறையை எடுத்த பிரேசிலோ எச்.264க்குப் போய்விட்டது. ஜப்பான் ரீவியில் பி-காஸ் என்ற அட்டையைச் செருகினால்தான் படம். ஜப்பானில் மின்சாரமும் 100 வோல்ட். நம்முடைய 230இல் நேரே செருகினால் புகைதான். முறையின் பெயர் ஒன்றாக இருந்தும் பயனில்லை.

"பிறகு அப்டேட் போட்டுத் தருவம்" என்றும் சொல்வார்கள். மலிவுப் பெட்டியில் படத்தை விரிப்பது சிப். சிப்பில் இல்லாததை அப்டேட் கொண்டு வராது. சத்தம் கேட்கும், திரை கறுப்பாக இருக்கும். "டிஜிட்டல் அன்ரனா" என்பதும் அட்டைப்பெட்டியில் அச்சடித்த பெயர்தான். யூஎச்எப் அன்ரனா எதைப் போட்டாலும் யூஎச்எப் அன்ரனாதான். வீடு வீடாக வந்து முற்பணம் கேட்பவரைப் படலையிலேயே அனுப்பிவிடுங்கள்.

எனக்குக் கோபம் கடைக்காரரில் மட்டுமல்ல. முறையைத் தெரிவு செய்து இத்தனை வருடம். எந்தப் பெட்டி, எந்தச் சுருக்கம் என்று தமிழில் ஒரு தாள் அடித்துப் பிரதேச செயலகத்தில் ஒட்டினாலே இந்த வியாபாரம் படுத்துவிடும். அதற்கு இன்னும் எத்தனை கூட்டம் கூட வேண்டுமோ!

பழைய ரீவியை விற்றுவிடாதீர்கள். பின்னால் மஞ்சள், சிவப்பு, வெள்ளைத் துளைகள் இருந்தால், ஏவி வயர் வரும் பெட்டியை நாளைக்கு அதிலேயே மாட்டலாம். கடைக்காரர் மறுபடி வற்புறுத்தினால், "கல்லடியில் தரைவழி டிஜிட்டல் சனல் பிடிக்கும், பிடிக்காவிட்டால் காசு திருப்பித் தரப்படும்" என்று பில்லில் எழுதிக் கையொப்பம் வைக்கச் சொல்லுங்கள்.