பேட்டரி கசிந்த வானொலியைக் காப்பாற்ற முடியுமா?

கேள்வி: மறைந்த என் தந்தையாரின் டிரான்சிஸ்டர் வானொலியைப் பேட்டரிகளோடு அலமாரியில் வைத்திருந்தேன். இரண்டு ஆண்டுகள் கழித்துத் திறந்தபோது ஸ்பிரிங்குகளில் வெள்ளைப் பொடி படிந்திருந்தது. வினிகர் விட்டுத் துடைக்கும்படி ஒருவரும், ஆப்பசோடாவைப் பயன்படுத்தும்படி இன்னொருவரும் சொல்கிறார்கள். எது சரி?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: இரண்டும் சரியே, ஆனால் வெவ்வேறு பேட்டரிகளுக்கு. ஆகவே, முதலில் கசிந்த பேட்டரியின் மேலுறையைப் படித்துப் பாருங்கள். ‘அல்கலைன்’ என்று அச்சிட்டிருந்தால், உள்ளே இருந்தது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் கடுங்காரம். அது வெளியே கசிந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து பொட்டாசியம் கார்பனேட்டாக மாறியதையே வெள்ளைப் பொடியாகக் காண்கிறீர்கள். அதற்கு வினிகரோ எலுமிச்சைச் சாறோ ஏற்றது. மலிவாகக் கிடைக்கும் துத்தநாக-கார்பன் பேட்டரியில் துத்தநாகக் குவளையே எதிர்மின்வாயாகவும் இருப்பதால், நாளடைவில் அது அரித்து ஓட்டை விழுகிறது. அவ்வழியே வரும் கசிவு சற்று அமிலத்தன்மை உடையது என்பதால், அதற்கு ஆப்பசோடாவை நீரில் குழைத்துத் தடவ வேண்டும்.

காரம் தோலையும் கண்ணையும் புண்ணாக்கிவிடும். ரப்பர் கையுறையும் கண்ணாடியும் அணியாமல் தொடாதீர்கள், பொடியை வாயால் ஊதாதீர்கள். வானொலியைக் கவிழ்த்துப் பிடித்து, பழைய டூத்பிரஷ்ஷால் பொடியை உதிர்த்த பிறகு, வினிகரில் நனைத்துப் பிழிந்த பஞ்சுக்குச்சியால், நுரைப்பது அடங்கும்வரை துடையுங்கள். வினிகரும் உலோகத்தை அரிக்கும் ஆதலால், ஈரப் பஞ்சால் அதை முழுதும் எடுத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ஒரு நாள் உலர விடுங்கள். துரு எஞ்சியிருந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தால் போதும்.

இத்தோடு நிறுத்திவிடுவதால்தான் பல கருவிகள் பிறகும் பேசாமல் போகின்றன என்பது என் கருத்து. கசிவு ஒயரின் உறைக்குள்ளும் ஊர்ந்து செல்லும். நுனியைச் சீவிப் பார்த்து, செம்பு கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால், பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துப் புது ஒயரைப் பற்றவைக்கச் சொல்லுங்கள். தந்தையாரின் நினைவுப் பொருள். ஒரு முழ ஒயருக்காக அதைக் கைவிட வேண்டாம்.

புதிய பேட்டரிகளோடு பழையதைக் கலந்து போடாதீர்கள்: முதலில் தீர்ந்துபோகும் பேட்டரியின் வழியே மற்றவை மின்னோட்டத்தைத் தொடர்ந்து செலுத்த, அதனுள் ஹைட்ரஜன் வாயு சேர்ந்து அடைப்பைப் பிளந்துவிடுகிறது.